ரிப்பனால் அளந்த டாங்கி

என் வயதுக்காரர்களே, ரேஷன் கடை வரிசையிலும் கண் ஆஸ்பத்திரி பெஞ்சிலும் சந்தித்துக்கொள்ளும்போதெல்லாம் நீங்கள் ஆளுக்கொரு பம்பரக் கதையோ பட்டக் கதையோ சொல்கிறீர்கள். நான் இதுவரை வாயைத் திறந்ததில்லை. என்னுடையது டாங்கிக் கதை. பெண்பிள்ளைக்கு எதுக்கு டாங்கி என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்தக் கேள்வி பத்து வயதிலேயே எனக்குப் பழகிவிட்டது.

போன மாதம், நாற்பதைத் தாண்டிய என் மகன் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து உட்கார்ந்தான். உள்ளே துண்டு துண்டாக ஒரு டாங்கி. ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு, எதை எங்கே ஒட்டுவது என்று படமும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு சக்கரத்தை எடுத்துப் பார்த்தேன். "அம்மா, தொடாதே. அளவெல்லாம் கணக்கா இருக்குது, உனக்குப் புரியாது" என்றான். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு காபி போடப் போனேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் மரக்காணம். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. நான் சொல்வது போர் முடிந்த கையோடு வந்த வருஷம். எதிரி விமானத்துக்குத் தெரியாமலிருக்க லாரி விளக்குகளின் மேல்பாதியில் பூசிய கறுப்புப் பெயிண்ட் இன்னும் முழுக்க உரியவில்லை. பையன்கள் எல்லோரும் குச்சியைத் துப்பாக்கி ஆக்கிக்கொண்டு உப்புப் பாத்திகளின் கரையில் ஓடினார்கள். கரையை மிதித்துச் சிதைத்ததற்காக அப்பாவிடம் அடியும் வாங்கினார்கள்.

அந்தத் தை மாதம்தான் பட்டாளத்து மாமா ஊருக்குத் திரும்பினார். ரத்த உறவு இல்லை. அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர், எதிர்வீட்டுக்காரர். டிரங்குப் பெட்டியும் சுருட்டிய படுக்கையுமாக பஸ்ஸைவிட்டு இறங்கியவரை டீக்கடையில் இருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் டாங்கிப் படையில் இருந்தவர் என்பது ஊருக்குத் தெரியும். அன்று சாயங்காலத்துக்குள் அவர் டாங்கி ஓட்டிப் போய் எதிரியை விரட்டியவராகிவிட்டார். கொஞ்ச நாளில் உப்பளத்தில் காவல் வேலையும் கிடைத்தது.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பருவத்தின் முதல் உப்பை யார் வேண்டுமானாலும் வாரிவிட முடியாது. கற்பூரம் காட்டியபின், நல்ல கை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒருவர் பாத்தியில் இறங்கி, நீளக் கழி பூட்டிய பலகையால் முதல் உப்பை இழுத்துக் கரையேற்ற வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். அந்தக் கை எப்படியோ அப்படித்தான் அந்த வருஷத்து உப்பும் என்று ஒரு நம்பிக்கை. அந்த வருஷம் பட்டாளத்து மாமாவை இறக்கினார்கள். பலகையைப் பிடித்த அவர் கை நடுங்கியது. பெருமையில் நடுங்குகிறது என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சித்திரையில் அப்பா உப்பு லாரியில் மெட்ராஸுக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மைதானத்தில், எதிரியிடம் பிடித்த டாங்கி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். சுற்றிலும் கயிறு, காவலுக்கு ஒரு போலீஸ்காரர். வெயிலில் இரும்பு சுட்டுக்கொண்டிருந்தது. பழைய எண்ணெயும் துருவும் கலந்த ஒரு வாசனை. நீங்கள் முதன்முதலாக யானையைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பீர்கள் இல்லையா, எனக்கு அது டாங்கியைப் பார்த்து நடந்தது. அதே மாதிரி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். சும்மா ஒரு பொம்மை இல்லை. அதே டாங்கி, சின்னதாக.

ஆனால் அளவு எடுக்க என்னிடம் என்ன இருந்தது? ஜடையில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்தேன். பையன்கள் கயிற்றைத் தாண்டினால் போலீஸ்காரர் லத்தியைத் தூக்கினார். பாவாடை கட்டிய ஒரு பெண் ரிப்பனோடு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை. நீளத்துக்கு எத்தனை ரிப்பன், அகலத்துக்கு எத்தனை, சக்கரத்தின் உயரத்துக்கு ரிப்பனில் எவ்வளவு என்று முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள். குழலுக்கு நேர் கீழே, உடம்பின் முன்பக்கத்தில், ஆள் இறங்குகிற ஓட்டை ஒன்று. அதற்கு ஒரு மூடி. அதையும் தொட்டுப் பார்த்தேன். "டிரைவர் குந்துற எடம்" என்றார் போலீஸ்காரர், எதிரே எங்கேயோ பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் ஒரு ரிப்பன் நீளத்துக்கு இரண்டு விரற்கடை என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அதன்படி முழு டாங்கியும் ஒரு முழத்துக்குள் அடங்கியது. என் மகன் பெட்டியிலும் ஏதோ ஒரு கணக்கு அச்சடித்திருக்கிறார்கள். என்னுடையது அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

முதல் டாங்கியை எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனத்தோடு செய்தேன். கைக்கு எட்டின தூரத்தில் அளத்துக் களிமண் கிடக்கும்போது வேறு எதைத் தேடுவேன்? கறுப்பாக, வெண்ணெய் மாதிரி வழவழவென்று வளைந்து கொடுத்த மண். நிழலில் உலர்த்தி, உப்பு ஆபீஸ் ஜன்னலுக்கு அடித்ததில் மிஞ்சிய பச்சைப் பெயிண்டைப் பூசினேன். இரண்டே நாளில் பெயிண்டுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. துடைத்தேன், மறுபடி பூத்தது. டாங்கிக்குத் தாடி முளைத்திருக்கிறது என்று அம்மா சிரித்தாள்.

அப்போதுதான் அந்தக் கோடை மழை வந்தது. அந்தப் பருவத்தில் அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. குவித்து வைத்த உப்பின்மேல் கீற்றுப் போட்டு மூடுவதற்குள் பாதி கரைந்து ஓடிவிட்டது. பாத்திகளில் விளைந்து நின்றதெல்லாம் வெறும் தண்ணீராயிற்று. வீட்டில் என் டாங்கியும் ஈரத்தை உறிஞ்சி வேர்த்து, குழல் தொங்கி, கடைசியில் ஒரு பச்சை உருண்டையாகக் கிடந்தது. நான் அழவில்லை என்று சொன்னால் பொய். அழுது முடித்ததும் வேலியில் நின்ற கல்யாண முருங்கையில் ஒரு கட்டை வெட்டிக்கொண்டு வந்தேன்.

மழைக்குப் பின் ஊரில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. முதல் கை சரியில்லையோ என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் உச்சுக்கொட்டினார். பட்டாளத்து மாமாவின் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. நாள் கூலியில் வாழ்கிறவர்கள், கூலி நின்றுபோனால் யாரையாவது காரணம் சொல்லத்தானே வேண்டும். அந்த வயதில் இதெல்லாம் எனக்குப் பாதிதான் புரிந்தது. என் கவனம் முழுவதும் கட்டைமேல் இருந்தது.

கல்யாண முருங்கைக் கட்டை கத்திக்கு நன்றாக வழிவிடும். உடம்பைச் செதுக்கி, மீனவர் குப்பத்தில் வாங்கிவந்த காய்ந்த சுறாத்தோலால் தேய்த்தேன். அதைவிட நல்ல உப்புத்தாள் அப்போது எங்களுக்குத் தெரியாது. சுழலும் தலைக்குப் பாதிக் கொட்டாங்குச்சி. முடிச்சில் இருந்த அளவுக்குப் பொருந்துகிறதைத் தேடி அக்கம்பக்கத்து வீடுகளில் தேங்காய் உடைக்கும் இடத்திலெல்லாம் போய் நின்றேன். சக்கரங்களுக்குக் கலர் பாட்டில் மூடிகள், இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து. குழலுக்கு உடைந்த குடைக்காம்பு. சக்கரத்தின்மேல் ஓடும் பட்டைக்கு சைக்கிள் கடையில் தூக்கியெறிந்த செயின்கள். ஒரு செயின் அகலம் போதாமல் இரண்டை ஒட்டி வைத்துக் கட்டினேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து அழுக்கெடுத்த அந்த வாசனை பல நாள் கையைவிட்டுப் போகவில்லை. சோறு பிசையும்போதெல்லாம் அம்மா திட்டினாள். "பொம்பளப் புள்ள கையாடி இது? இன்னாத்துக்குடி உனக்கு இந்த வேலை?"

இன்னாத்துக்கு என்று எனக்கே அப்போது தெரியாது. அந்தச் சக்கரம் சுற்றினால் செயினும் சேர்ந்து ஓட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஓடவும் ஓடியது.

ஆகஸ்டில், பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினக் கண்காட்சி. பெண்களுக்குத் தையல் மேஜை, பையன்கள் செய்த மாதிரி உருவங்களுக்கு மாதிரி மேஜை என்று ஹெட்மாஸ்டர் பிரித்துவைத்திருந்தார். நான் போய் மாதிரி மேஜை வேண்டும் என்று நின்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், டாங்கியைப் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். பிறகு, ஊரில் டாங்கி ஓட்டியவர் ஒருவர் இருக்கும்போது அவரிடம் காட்டாமல் வைப்பது முறையில்லை என்று பட்டாளத்து மாமாவுக்கு ஆள் அனுப்பினார்.

மாமா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பார்த்தார். அப்பா இருந்தார், தெருவில் நாலு பேர் இருந்தார்கள். அவர் செயினை உருட்டிப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். பிறகு முன்பக்கத்தில் நான் வைத்திருந்த மூடியில் விரலை வைத்தார்.

"இது இன்னா பாப்பா, இங்க ஒரு ஓட்டை?"

"டிரைவர் உக்கார்ற எடம் மாமா."

"இங்கியா? யாரு சொன்னது? டிரைவர் மேல, இந்தத் தலைக்குள்ளதான் உக்காருவான். அங்கேர்ந்துதான் ரோடு தெரியும். இத்த மூடிடு."

"நான் மெட்ராஸ்ல தொட்டே பார்த்தேன் மாமா. போலீஸ்காரர்கூடச் சொன்னாரு."

தெருவில் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. மாமாவின் முகம் சுருங்கியது. "ஓட்டுனவன் சொல்றேன், நீ போலீஸ்காரன் சொன்னான்றியே" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எதிர்வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் தீர்ப்பே சொல்லிவிட்டார். மாமா சொன்னபடி திருத்தினால் மேஜை உண்டு. இல்லையென்றால் போய்த் தையல் மேஜையில் கைக்குட்டை வைக்கலாம். நான் திருத்த மாட்டேன் என்றேன். விஷயம் அப்பா காதுக்குப் போயிற்று.

அப்பா என்னை அடிக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "ஊரு ஏற்கெனவே ஒரு மாதிரி பேசிக்கினு இருக்குது. மழை வந்ததுக்கே அவன் கைதான் காரணம்ன்றாங்க. இப்ப நீ வேற, அவனுக்கு டாங்கியே தெரியாதுன்ற மாதிரி பண்ணினா அவன் எப்படித் தெருவுல நடப்பான்? ஒரு ஓட்டைதானே, மெழுகு வெச்சு மூடிட்டு மேல பெயிண்ட் அடி. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்பா."

"பிடிவாதம் புடிச்ச கழுதை" என்று எழுந்து போனார். அது திட்டுதான். இருந்தாலும் இன்றைக்கு நினைத்தால் எனக்கு அதில் ஒரு பெருமை.

மாமாவிடமே பேசித் தீர்த்துவிடலாம் என்று எதிர்வீட்டுக்குப் போனேன். அவர் காவலுக்குப் போயிருந்தார். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, கொல்லையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் டாங்கியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். முடிச்சுப் போட்ட ரிப்பனைக் காட்டி, இந்த இடத்தில் இந்த அளவில் மூடி இருந்தது, மாமா ஏன் இல்லை என்கிறார் என்று கேட்டேன். அத்தை கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"அவரு டாங்கிக்குள்ள ஏறுனதே இல்லடி. லங்கர்ல இருந்தாரு. அவங்களுக்கெல்லாம் சோறு ஆக்கிப் போடுறது. பஸ்ஸுலேர்ந்து எறங்குனதுமே டாங்கி ஓட்டுனியான்னு அத்தினி பேரு கேட்டாங்களாம். ஆமான்னு வாயில வந்துடுச்சாம். அன்னியிலேர்ந்து ஒழுங்காத் தூங்கறதில்ல."

"அப்ப சொல்லிட வேண்டியதுதானே அத்தை?"

"முதல் உப்ப வாருனாரே, அதுக்கப்புறம் எப்படிடி சொல்றது? பொய் சொன்ன கை பாத்தியில எறங்குச்சு, அதான் மழை கொட்டுச்சுன்னு ஊரே சேந்து சொல்லும். வேலை போய்டும். யாருகிட்டயும் வாயத் தொறக்காத கண்ணு." செதில் ஒட்டிய கையோடு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பயம் அப்படியே எனக்குள் இறங்கியது.

கண்காட்சி வரைக்கும் எனக்கும் தூக்கமில்லை. மூடியை அடைத்தால் என் டாங்கி பொய். அடைக்காமல் விட்டால் மாமா பொய். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூடியும் வேண்டும், மேஜையும் வேண்டும். அத்தையின் வீடு குலையவும் கூடாது. கிடைக்காது என்று சொன்னால் அதை நம்புகிற வழக்கம் என்னிடம் இல்லை.

அன்று காலை கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும், யாரிடமும் கேட்காமல் டாங்கியைத் தூக்கிக்கொண்டு போய் மாதிரி மேஜையில் வைத்தேன். மூடி திறந்தபடியே இருந்தது. அளத்தில் வேலை செய்கிறவர்கள், குப்பத்துக்காரர்கள், பிரம்மதேசம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். ஹெட்மாஸ்டர் பட்டாளத்து மாமாவை முன்னால் அழைத்துக்கொண்டு வந்தார். மூடியைப் பார்த்ததும் ஹெட்மாஸ்டர் நின்றுவிட்டார்.

"இவர் ஓட்டியவர். இவர் சொன்னபடி நீ ஏன் திருத்தவில்லை? இவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

கூட்டம் கிட்டே நெருங்கியது. மாமா என்னைப் பார்க்கவில்லை. மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் மடித்துக்கொண்டே இருந்தார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"சார், மாமா ஓட்டினது நம்ம டாங்கி" என்றேன். "நான் செஞ்சிருக்கிறது எதிரிங்க டாங்கி. இதுல டிரைவர் கீழே உக்காருவான். நம்ம டாங்கியைப் பத்தி மாமா சொன்னாரு, அவங்க டாங்கியைப் பத்தி நான் சொல்றேன்."

ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டினார். "அப்படியா? அது நியாயம்தான்" என்று மாமாவைப் பார்த்தார். மாமா விரிப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஆமா சார், அவனுங்க வண்டி வேற மாதிரி" என்றார். கூட்டம் கலைந்தது. இரும்பை கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எதிரி டாங்கி என்றதும் அதைக் குடையால் ஒரு குத்துக் குத்திவிட்டுப் போனார். எனக்கு உயிரே போய்வந்தது.

பெண்கள் பக்கம் நின்ற அத்தை என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எவ்வளவு நல்ல மனசு இந்தப் பெண்ணுக்கு என்று சாகும்வரை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் மறுக்கவில்லை. ஆனால் அப்போது என் நெஞ்சில் முக்கால் பங்கு, அந்த மூடி பிழைத்ததே என்ற சந்தோஷம்தான். பெரியவர்கள் நம்மைப் பற்றிக் கெட்டதாக மட்டும்தான் தப்புக் கணக்குப் போடுவார்கள் என்று நினைக்காதீர்கள். சில சமயம் நல்லதாகவும் போடுவார்கள்.

கண்காட்சி மறுநாளும் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் போனபின் நான் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மாமா வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. டாங்கியின் பின்பக்கமாகப் போய்க் குனிந்து நின்றார்.

"பின்னாடி ஒண்ணுமே கட்டலியே பாப்பா" என்றார். குரல் டீக்கடைக் குரல் இல்லை. "உண்மையான டாங்கின்னா பின்னாடி படுக்கைச் சுருட்டு இருக்கும், தண்ணி டின்னு இருக்கும். வாளி தொங்கும். இஞ்சின் மேல தகடு சூடா இருக்குமா, அதுல ரொட்டிய வெச்சுச் சுட வெப்பானுங்க. நான் சோறு தூக்கினு போவேன். குண்டு உழுற சத்தம் கேட்டா அப்படியே மண்ணுல படுத்துக்குவேன், சோத்துப் பாத்திரம் கவுறாம கட்டிப் புடிச்சினு. அவனுங்க மேலேர்ந்து எட்டிப் பார்த்து, வந்துட்டான்டான்னு சிரிப்பானுங்க. சில நாளு போறப்ப, போன தடவை சிரிச்சவன் இருக்க மாட்டான்."

இவ்வளவையும் வைத்துக்கொண்டா இந்த மனிதர் டாங்கி ஓட்டினேன் என்று ஒரு பொய்யைச் சொன்னார் என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊருக்கும்தான் என்ன புத்தி. சோறு கொண்டுபோனவன் என்று சொல்லியிருந்தால் அவருக்கு மாலை போட்டிருக்க மாட்டோம், முதல் உப்பை வாரவும் விட்டிருக்க மாட்டோம். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி, தட்டி, வளையம் வைத்துச் செய்த ஒரு குட்டி அண்டா. விளிம்பெல்லாம் அழகாக மடித்திருந்தது. "இத்த பின்னாடி கட்டிக்க" என்றார்.

நான் வாங்கி, ரிப்பனை எடுத்து அளந்தேன். அதுதான் என் குணம். அண்டா என் டாங்கியின் தலையில் முக்கால்வாசி இருந்தது. உண்மையில் அப்படி ஒரு அண்டா இருந்தால் அதற்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம்.

"மாமா, அளவு தப்பு. ரொம்பப் பெருசா இருக்குது."

அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அவ்ளோ பெருசாத்தான் இருந்துச்சு பாப்பா" என்றார்.

மறுநாள் காலை ஹெட்மாஸ்டர் மேஜை மேஜையாக வந்தார். என் டாங்கிக்குப் பின்னால் மிச்சச் செயினில் கட்டித் தொங்கிய அண்டாவைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது என்னம்மா?"

"சோத்து அண்டா சார்."

"இவ்வளவு பெரிசா? எல்லாம் அளவெடுத்துச் செய்தேன் என்றாயே?"

"ஆமா சார்" என்றேன். "அளவு சரியாத்தான் இருக்குது."